மூன்று ஓலையும் ஒரு கேமராவும்

ஓய்வுபெற்றவனுக்கு இரண்டு தண்டனைகள் உண்டு. ஒன்று, ரேஷன் கடை வரிசைக்கு இனி அவன்தான். மற்றது, பழைய வேலையிடத்தை எட்டிப்பார்க்கப் போனால், அவன் இல்லாமல் அங்கே எல்லாம் இன்னும் நன்றாக நடந்துகொண்டிருக்கும்.

போன மாதம் நான் அப்படி எட்டிப்பார்க்கப் போனேன். இனயத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில், கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, எதிரே உள்ள ஓட்டுக் கட்டிடம்தான் எங்கள் பங்குக் கணினி மையம். புதிதாகச் சேர்ந்திருக்கும் பொறியாளர் பெண் ஒரு பென் டிரைவைச் செருகினார். டீக்குச் சொல்லிவிட்டார். டீ வருவதற்குள் லினக்ஸ் ஏறி முடிந்துவிட்டது. சத்தம் வருகிறது, படம் வருகிறது, வைஃபை வருகிறது. "எல்லாம் அதுவே கண்டுபிடிச்சுக்கும் சார்," என்றார். பிறகு ரொம்ப மரியாதையாக, "அப்போ பன்னிரண்டு வருசமா சாருக்கு இங்க என்ன வேல இருந்திச்சு?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். பதிலை இப்போது எழுதுகிறேன். அவர் இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியம்தான்.

நான் அடிப்படையில் டிவி மெக்கானிக். குலசேகரத்தில் ரப்பர்த் தோட்டக்காரர்களின் டிவிகளை முதுகுப்பக்கமாகத் திறந்து பார்த்தே பாதி ஆயுசு போயிற்று. பிறகு மார்த்தாண்டத்தில் ஆறு மாதம் கணினிப் படிப்பு. அதில் நாலு மாதம், ஏசி அறைக்கு வெளியே செருப்பை எப்படிக் கழற்றி வைப்பது என்று சொல்லித்தந்தார்கள். மீதி இரண்டு மாதம் சர்டிபிகேட் வரக் காத்திருந்தோம். அந்தச் சர்டிபிகேட்டோடு 2004-இல் பங்கு மையத்தில் 'சிஸ்டம் இன்சார்ஜ்' ஆனேன். நெற்றியில் நாமம் போட்ட அய்யாவழிக்காரனைக் கோயில் வேலைக்கு வைக்கலாமா என்று ஊரில் சிலர் கேட்டார்களாம். "கம்ப்யூட்டருக்கு ஞானஸ்நானம் கொடுக்கப்போறதில்லை, ரிப்பேர்தான் பார்க்கப்போறார்," என்று சொல்லி முடித்துவிட்டார் எங்கள் ஃபாதர்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் என் உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. மரியதாஸ் ஃபாதர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. ஏதாவது தவறாகப் போனால் கண்ணாடியைக் கழற்றுவார், அங்கியின் நுனியால் துடைப்பார், திரும்ப மாட்டிக்கொள்வார், "மறுபடி முதல்லேர்ந்து பார்ப்போமா தங்கமணி?" என்பார். 'பார்ப்போமா' என்பது கேள்வியே இல்லை என்பது எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது.

மையத்தில் இருந்த விண்டோஸ் எல்லாம் கள்ள சிடி. அந்தக் காலத்தில் நாகர்கோவிலில் நல்ல சிடி எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களே குறைவு. ஒருநாள் இது ஃபாதருக்குத் தெரிந்துவிட்டது. "ஏழாம் கட்டளை என்ன சொல்லுது?" என்று அய்யாவழிக்காரனான என்னைக் கேட்டார். அவரே பதிலும் சொன்னார்: "களவு செய்யாதிருப்பாயாக." அன்றே விண்டோஸ் போயிற்று, காசில்லாமலே கிடைக்கும் லினக்ஸ் வந்தது. மோசே மலையிலிருந்து கொண்டுவந்த பலகையில் டிரைவர் பற்றி ஒரு வரி இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ உபகாரமாக இருந்திருக்கும்.

டிரைவர் என்பது கல்யாணத் தரகர் மாதிரி. கணினிக்கும் பிரிண்டருக்கும், கணினிக்கும் கேமராவுக்கும் நடுவில் நின்று இந்தப் பக்கம் பேசுவதை அந்தப் பக்கம் சொல்லும் ஒரு சின்ன மென்பொருள். விண்டோஸுக்கு எல்லாச் சாமான்காரனும் தரகரைப் பெட்டியிலேயே போட்டு அனுப்புவான். லினக்ஸுக்கு? நீயே தேடிக்கொள், நீயே பேசிக்கொள். முதல் வருடம் முழுக்க மோடம் பேசவில்லை. இரண்டாம் வருடம் மோடம் பேசியது. பிரிண்டர் பேச மறுத்தது. இதுதான் என் ஆரம்ப கால சாதனைகளின் சுருக்கம்.

லினக்ஸில் ஒரு வசதி உண்டு. லைவ் சிடி. வட்டைப் போட்டுக் கணினியை எழுப்பினால், உள்ளே எதையும் பதிக்காமலே முழுதாக ஓட்டிப் பார்க்கலாம். எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று தெரிந்துகொண்டு பிறகு பதிக்கலாம். நான் இதை விளக்கிச் சொன்னபோது ஃபாதரின் முகம் மலர்ந்தது. "அப்படின்னா இது ஓலை வாசிக்கிற மாதிரி," என்றார்.

கத்தோலிக்கர்களிடம் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லக் கடமைப்பட்டவர்கள் என்று. மூன்றாம் ஓலையும் தடையில்லாமல் தாண்டினால்தான் தாலி. அதே சட்டத்தை ஃபாதர் கணினிக்கும் போட்டுவிட்டார். ஒவ்வொரு கணினியும் மூன்று ஞாயிறு லைவ் சிடியில் ஓட வேண்டும். ஒவ்வொரு கருவியையும் சோதித்து, 'சரி' என்றோ 'தடை' என்றோ ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். 'தடை' மட்டும் சிவப்பு மையில். மூன்றாவது வாரம் சிவப்பு இல்லாமல் இருந்தால் பதிக்கலாம்.

கோயில் அறிவிப்புப் பலகையில் இடப்பக்கம் கல்யாண ஓலை, வலப்பக்கம் கணினி ஓலை. சும்மா சொல்லக்கூடாது, ஊர்க்காரர்கள் கடமை தவறாமல் தடை சொன்னார்கள். மீன் விற்கும் பிலோமினாக்கா வந்து, "செபமாலை சொல்லும்போ உங்க சிடி தட்டு கர்ருன்னு சத்தம் போடுது ஃபாதர், அது தடை இல்லியா?" என்று கேட்டார். ஃபாதர் அதையும் எழுதிக்கொண்டார், சிவப்பில்.

இதில் என் பாடு என்னவென்றால், லைவ் சிடிக்கு ஞாபகம் கிடையாது. எல்லாம் தற்காலிக நினைவில்தான் ஓடும். கணினியை நிறுத்தினால், இல்லை மின்சாரம் போனால், அதுவரை செய்த அத்தனையும் போச்சு. எங்கள் கடற்கரையில் மின்சாரம் போவதற்கு மழைகூட வேண்டாம், வானம் இருட்டினாலே போதும். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். வட்டு சுற்றி எழும்ப ஐந்து நிமிடம். பிறகு கருவிகளின் பட்டியலை வரவழைக்கும் கட்டளை. பிறகு மார்த்தாண்டம் நெட் சென்டரில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுவந்த டிரைவரின் மூலநிரலை நகலெடுத்து, அதைத் தொகுக்க, அதாவது கணினிக்குப் புரிகிற வடிவுக்கு மாற்ற, வேண்டும். ஃபாதர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, போன வாரக் கட்டளையை ரிஜிஸ்டரில் விரல் வைத்து எழுத்தெழுத்தாக வாசிப்பார். "மேக், இடைவெளி, இன்ஸ்டால்." நற்செய்தி வாசகம் மாதிரியே இருக்கும். நான் அடிப்பேன். திரையில் பிழைகள் வரிவரியாக ஓடும். கண்ணாடி கழலும், துடைக்கப்படும், மாட்டப்படும். மறுபடி முதலிலிருந்து.

மூன்றாவது வருடம் நான்காம் எண் கணினி வந்தது. கூடவே ஒரு கேமராவும். ஊர்க்காரர் ஒருவர் வளைகுடாவிலிருந்து வந்தபோது கோயிலுக்கு நேர்ச்சையாகக் கொடுத்தது. உருண்டை மூஞ்சி. மானிட்டர் தலையில் உட்காரும் கிளிப். பெட்டியில் கம்பெனி பெயர் இல்லை. விண்டோஸுக்கு மட்டும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. அந்த வார ஓலையில் சவுண்ட் சரி, பிரிண்டர் சரி, நெட் சரி, கேமரா தடை.

அதே ஞாயிறு, அதே பூசையில், ஜெனிபாவுக்கும் முதல் ஓலை வாசித்தார்கள்.

ஜெனிபா எங்கள் மையத்தில் டைப்பிங்கும் டேட்டா என்ட்ரியும் படித்தவள். இருபத்துமூன்று வயது. அப்பா மிக்கேல், கட்டுமரக்காரர். மாப்பிள்ளை ஆன்றோ வளைகுடாவில் ஒரு கம்பெனியில் இருந்தான். அவனுடைய அண்ணனும் அதே கம்பெனி, அதே அறை. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்புதான் வருவான். அவள் பார்த்தது ஒரு போட்டோ மட்டும். பூசை முடிந்ததும் நேரே மையத்துக்கு வந்தாள். நான் கேமராவைப் பிடித்துக்கொண்டு திட்டிக்கொண்டிருந்தேன். ஃபாதர் ரிஜிஸ்டரோடு இருந்தார்.

"ஃபாதர், மூணாவது ஓலைக்கு முன்ன எனக்கு அவர ஒருக்கா பாக்கணும். பாக்காம நான் சம்மதம் சொல்லமாட்டேன்."

"போட்டோ பார்த்தாயே அம்மா?"

"போட்டோவுல எல்லாரும் நல்லவங்கதான் ஃபாதர்."

கருங்கலில் நெட் சென்டர் இருந்தது. ஆனால் அங்கே ஒவ்வொரு கேபினுக்கும் திரைச்சீலை. ஓலை வாசித்த பெண் அந்தத் திரைக்குள் போனால், அவள் வெளியே வருவதற்குள் செய்தி ஊர் போய்ச் சேர்ந்திருக்கும். ஃபாதர் யோசித்தார். வளைகுடாவில் வெள்ளிக்கிழமை லீவு. "மூன்றாம் ஓலைக்கு முந்தின வெள்ளிக்கிழமை, இங்கே, என் முன்னால, அப்பாவையும் வைத்துக்கொண்டு பேசலாம். தங்கமணி கேமராவைச் சரி பண்ணிவிடுவார்," என்றார். என்னைக் கேட்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். "சாரே, நடக்குமா?" என்றாள். அந்தக் குரலுக்கு 'தெரியாது' என்று சொல்ல முடியவில்லை. "நடக்கும் மக்கா," என்றேன். எனக்கு வாய் நீளம், அன்றும் இன்றும்.

ஒரே மாதிரி இருக்கும் கேமராக்களுக்குள் வேறுவேறு சிப் இருக்கும். எந்தச் சிப் என்று தெரிந்தால்தான் எந்த டிரைவர் என்று தெரியும். கணினி காட்டிய எண்ணோ எந்தப் பட்டியலிலும் இல்லை. இன்ஜினியராக இருந்தால் இணையத்தில் கேள்வி எழுதிவிட்டுக் காத்திருப்பான். நான் மெக்கானிக். ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கேமராவைத் திறந்தேன். உள்ளே நாலணா அகலத்தில் வட்டமான போர்டு, இரண்டு ஸ்க்ரூ. பூதக்கண்ணாடி வைத்துச் சிப்பின் நம்பரைப் படித்தேன். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு. மூடிவிட்டேன்.

நம்பர் கிடைத்ததும் டிரைவர் கிடைத்தது. இரண்டாம் ஞாயிறு மூன்று தடவை தொகுத்தோம். இரண்டு தடவை மின்சாரம் போயிற்று. மூன்றாம் தடவை கேமராவில் பச்சை விளக்கு எரிந்தது. திரையில் ஃபாதர் வந்தார். தலைகீழாக.

"நான் ஏன் இப்படி இருக்கேன்?" என்றார்.

"டிரைவர் பிழை ஃபாதர். யாரோ ஒரு வெள்ளைக்காரன் ஓசியில எழுதினது, இப்படித்தான் இருக்கும்," என்றேன். முகம் தெரியாத அந்தப் புண்ணியவானை அந்த வாரம் முழுக்கத் திட்டினேன். ரிஜிஸ்டரில் 'படம் வருகிறது, தலைகீழ். தடை' என்று சிவப்பில் ஏறியது.

வெள்ளிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் மறுபடி தொகுத்து ஏற்றிவிட்டு, அரட்டை மென்பொருளைத் துழாவிக்கொண்டிருந்தபோது அமைப்புகளுக்குள் 'படத்தைக் கவிழ்' என்று ஒரு கட்டம் கண்ணில் பட்டது. டிக் போட்டேன். என் முகம் திரையில் நிமிர்ந்தது. ஆகா! ஓடிப்போய் ஃபாதரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் பார்த்தார், சந்தோஷப்பட்டார், ரிஜிஸ்டரைத் திறந்தார்.

"மறுமுனையிலும் நேராகத் தெரியுதா? பார்த்தாச்சா தங்கமணி?"

மறுமுனையில் பார்ப்பதென்றால் நான் கருங்கல் போய் நெட் சென்டரில் உட்கார வேண்டும். இங்கே ஒருவர் கேமரா முன் இருக்க வேண்டும். பஸ் எப்போது வருமோ. "பார்த்தாச்சு ஃபாதர்," என்றேன். சாமியாரிடம் பொய். அதுவும் கட்டளைக் கணக்கு எல்லாம் வைத்திருப்பவரிடம்.

சாயங்காலம் ஐந்து மணி. ஃபாதர், மிக்கேல், ஜெனிபா, நான். படம் கணினியில், பேச்சு போனில். அவர்கள் அங்கிருந்து பங்கு போனுக்குக் கூப்பிட, ஸ்பீக்கரைப் போட்டோம். ஜெனிபா ஒரு வெளிர்நீலச் சேலை உடுத்தியிருந்தாள். திரையில் ஆன்றோ வந்தான். போட்டோவில் இருந்தவனேதான், பார்க்கக் கொள்ளாம், லட்சணமாகவே இருந்தான். பக்கத்தில் அண்ணன், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டிருந்தான்.

"தோத்திரம் ஃபாதர்," என்றான் அண்ணன்.

ஜெனிபா முதலில் கேட்டது இதுதான்: "நான் நல்லா தெரியுதனா?"

ஆன்றோ அண்ணனைப் பார்த்தான். "நல்லா தெரியுது," என்றான் அண்ணன். "ம்ம், நல்லா தெரியுது," என்றான் ஆன்றோ.

பத்து நிமிடம் பேசினார்கள். பேசினார்கள் என்றால் அவள் கேட்டாள், அண்ணன் பதில் சொன்னான், ஆன்றோ ம்ம் போட்டான். என்ன வேலை, என்ன சாப்பாடு, ஊருக்கு எப்போது வருவாய் என்று அவள் கேட்டதற்கெல்லாம் அண்ணனிடம் பதில் தயாராக இருந்தது. கடைசியில் அண்ணன், "பயலுக்குப் பிடிச்சிருக்கு. இல்லியாலே?" என்றான். "பிடிச்சிருக்கு," என்றான் ஆன்றோ. மிக்கேலின் முகத்தில் அப்பாடா என்று ஒரு வெளிச்சம். நானும் என் கேமராவைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டேன்.

அப்போது அவர்களுடைய அறைக்காரன் ஒருவன் குளித்துவிட்டு, தோளில் துண்டோடு பின்னால் வந்தான். திரையைப் பார்த்தான். தலையைச் சாய்த்தான், இன்னும் சாய்த்தான், காது தோளில் இடித்தது. போனில் அவன் சிரிப்பு வெடித்தது.

"எலே ஆன்றோ, பொண்ணு என்னலே வவ்வால் கணக்கா தலைகீழா தொங்குது!"

நான் திரையைப் பார்த்தேன். எங்கள் திரையில் அவள் நேராகத்தான் இருந்தாள். அந்தச் சவத்துக் கட்டம் எங்கள் திரையில் தெரியும் படத்தை மட்டும்தான் நிமிர்த்தியிருக்கிறது. போனது என்னவோ தலைகீழாகத்தான் போயிருக்கிறது. ஃபாதர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஜெனிபா என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துக் கேட்டாள்.

"எவ்வளவு நேரமா?"

ஆன்றோ மெதுவாக, "மொதல்லேர்ந்தே," என்றான்.

"தெரியுதான்னு நான் கேட்டனே?"

"அண்ணன் நல்லா தெரியுதுன்னு சொன்னாவ. அப்புறம் நான் என்ன சொல்ல?"

"அதெல்லாம் ஒரு காரியமா?" என்று புகுந்தான் அண்ணன். "பொண்ணு நல்ல நெறம். அது போதும்."

ஜெனிபா நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். பிறகு, "நாளைக்கி எனக்கு ஒரு சொகமில்லாம வந்தா, அதையும் அண்ணன் சொன்னாத்தான் உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். ஆன்றோவைத்தான் கேட்டாள். அவன் வாயைத் திறந்தான், அண்ணனைப் பார்த்தான், மூடிக்கொண்டான். பாவம், கெட்டவன் இல்லை அவன். ஆனால் அந்த ஒரு நொடியில் அவன் அவளைப் பார்த்திருக்கலாம்.

ஃபாதர் மரியாதையாகப் பேசிப் போனை வைத்தார். வைத்ததுதான் தாமதம், மிக்கேல் எழும்பினார். முதலில் எனக்குத்தான் கிடைத்தது. "வே, உம்ம பெட்டியையும் தட்டையும் கொண்டுபோய்க் கடல்ல எறிஞ்சிருவேன்!" பிறகு மகளிடம், "ஏட்டி, ரெண்டு ஓல வாசிச்சாச்சு. ஊரு என்ன பேசும்?" என்றார்.

"மூணாவது ஓல என்னத்துக்குப்பா வாசிக்காவ? தடை இருந்தா சொல்லத்தானே? எனக்குத் தடை இருக்கு." அவள் ஃபாதரைப் பார்த்தாள். "எழுதிக்கோங்க ஃபாதர்."

மிக்கேல் ஃபாதரைப் பார்த்தார், பெரியவராக நாலு நல்ல வார்த்தை சொல்லுவார் என்று. ஃபாதர் சொன்னார்: "முழுமனசு இல்லாத கல்யாணத்தை நான் கோயிலில் நடத்தமாட்டேன் மிக்கேல்."

ஞாயிறு பூசையில் ஓலை வாசித்ததை நான் எதிர்க் கட்டிடத்திலிருந்து ஒலிபெருக்கியில் கேட்டேன். வேறு இரண்டு ஜோடிகளின் பெயர் வந்தது. ஜெனிபாவின் பெயர் வரவில்லை. கோயிலுக்குள் சலசலப்பு எழுந்தது. மிக்கேல் பூசை முடியும் முன்பே பக்கவாசல் வழியாக, தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்து கடற்கரைப் பக்கம் நடந்தார். என் ஒரு பொய், ஒரு சோம்பல், ஒரு குடும்பத்தைத் தெருவில் நிறுத்திவிட்டது என்றே நினைத்தேன்.

திங்கட்கிழமை ஆத்திரத்தில் கேமராவை மறுபடி திறந்தேன். வட்டப் போர்டின் ஓரத்தில், மேல்பக்கம் எது என்று காட்ட ஒரு சின்ன அம்புக்குறி போட்டிருந்தான். அது கீழே பார்த்துக்கொண்டிருந்தது. டிரைவரில் பிழையே இல்லை. நம்பர் பார்க்கத் திறந்தபோது போர்டைத் தலைகீழாக மாட்டியது நான்தான். நான் திட்டிய வெள்ளைக்காரன் எந்த ஊரில் விக்கி விக்கிச் சாகிறானோ.

ஃபாதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். போர்டு, பொய் இரண்டையும். கண்ணாடி கழன்றது, துடைக்கப்பட்டது. ஆனால் மாட்டிக்கொள்ள வெகுநேரம் ஆயிற்று. "என்கிட்ட சொன்னது போதாது. அந்தப் பொண்ணுகிட்டயும் நீங்களே சொல்லணும். தப்பு அந்தப் பையன்மேல இல்லைன்னு அவ நினைச்சா, மூணாம் ஓலையை வர்ற ஞாயிறு வாசிக்கலாம்."

போனேன். ஜெனிபா வீட்டுவாசலில் வலைக்கு நூல் ஏற்றிக்கொண்டிருந்தாள். உள்ளே மிக்கேல் இருப்பது தெரிந்தது. அவர் வெளியே வரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். போர்டைக் கவிழ்த்து மாட்டியது நான். பார்த்துவிட்டேன் என்று பொய் சொன்னதும் நான். அந்தப் பையன்மேல் ஒரு பிழையும் இல்லை. நீ நேராகத் தெரிந்திருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும்.

அவள் நூலைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

"அதத்தான் சாரே நானும் மூணு நாளா நெனைக்கேன். நேரா தெரிஞ்சிருந்தா நான் சம்மதம் சொல்லியிருப்பேன். அப்புறம் எனக்க காலம் பூராவும் அந்த அண்ணன்கிட்ட கேட்டு வாழ்ந்திருப்பேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "ரொம்ப நன்றி சாரே."

பன்னிரண்டு வருடம் அந்த மையத்தில் மோடம், பிரிண்டர், சவுண்ட் என்று எத்தனையோ ஒழுங்காகச் செய்து கொடுத்திருக்கிறேன். ஒருத்தரும் நன்றி சொன்னதில்லை. கண்ணீரோடு எனக்கு நன்றி சொன்னது அவள் ஒருத்திதான், அதுவும் நான் கவிழ்த்து மாட்டிய வேலைக்கு.